மேஜைக் கால் சரிவு: தொண்டியிலிருந்து ஒரு கடிதம்

தொண்டி
கார்த்திகை

அன்புள்ள மாப்ளே,

கீழே குறுகும் மேஜைக் கால் செய்வது பற்றிக் கேட்ட உன் கடிதம் கிடைத்தது. இங்கே வாடைக் காற்று தொடங்கிவிட்டது. அங்கே மண்டபத்திலும் அப்படித்தான் இருக்கும். வாங்கி வைத்திருக்கும் பூவரசுச் சட்டத்தை அவசரப்பட்டுக் கடைசி அளவுக்கு அறுக்காதே. ஈரம் ஏறிய கட்டையில் சரிவு வெட்டினால் ரம்பத்தை விட்டு வந்ததுமே வில்லாக வளையும். கொஞ்சம் பருமனாக அறுத்து, காற்றாட இரண்டு வாரம் அடுக்கி வை.

கீழே குறுகும் கால் என்றாலே எல்லோருக்கும் சரிவு மேல்தான் கண். எனக்குக் கவலை, சரியாமல் விட வேண்டிய மேல்பகுதிதான். 730 மி.மீ. நீளம், 45 மி.மீ. சதுரம், மேல்பலகைக்குக் கீழே கால்களை இணைக்கும் சுற்றுச்சட்டம் 100 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள். மேலிருந்து 125 மி.மீ. வரை நேராக இருக்கட்டும். அதற்குக் கீழேதான் சரிவு, பாதத்தில் 25 மி.மீ. சதுரமாக முடியட்டும். சரிவு சட்டத்துக்குள் ஏறினால் மூட்டில் சந்து விழும், பசை அதை மறைக்காது.

சட்டத்தின் முனையில் நீட்டி நிற்கும் நாக்கு நுழைவதற்கான துளையைக் காலில் முதலிலேயே அடித்துவிடு. சதுரக் கட்டைதான் ஆடாமல் உட்காரும். துளை உள்ள இரண்டு முகங்களே சரிவு முகங்கள் என்பதால் முகம் மாறவும் வழியில்லை. வெளிமுகங்களைத் தொடாதே, தொட்டால் மேஜை முழங்கால் தட்டி நிற்பதுபோல் தெரியும்.

ஜிக்குக்கு, அதாவது காலைச் சாய்வாகப் பிடித்து ரம்பத்தில் தள்ளும் பலகைக்கு, 18 மி.மீ. பிளைவுட் போதும். வெறும் பலகையை ஒருமுறை மேஜை ரம்பத்தில் ஓட்டு. அந்த விளிம்புதான் வெட்டுக் கோடு. காலில் போட்ட சரிவுக் கோடு விளிம்புக்கு 1 மி.மீ. உள்ளே இருக்கும்படி கிடத்தி, பக்கத்தில் ஒரு தடுப்புக் கட்டை, தள்ளும் முனையில் இன்னொன்று, மேலே இரண்டு கிளாம்ப். முதல் முகம் வெட்டியதும் அது மேலே பார்க்கும்படி திருப்பு. கீழேயோ தடுப்புப் பக்கமோ போனால் கால் சாய்ந்து உட்காரும், நாலு காலும் நாலு விதமாகும்.

மிச்ச 1 மி.மீ. இழைப்புளிக்கு. பருத்த பக்கத்திலிருந்து பாதத்தை நோக்கியே இழை; எதிர்த்து இழைத்தால் நார் பிய்ந்து குழி விழும். சரிவு தொடங்கும் கோட்டைத் தாண்டி மேலே போகாதே.

பாதத்தின் விளிம்பில் 2 மி.மீ. சாய்த்துவிடு, இழுக்கும்போது சிலும்பாது. அடிமுனையில் வார்னிஷ் மூன்று தடவை. வீடு கழுவும் தண்ணீரைக் குடிப்பது அந்த இடம்தான். திருகாணி பித்தளையே போடு, இந்த உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

டிராயர் வைக்கும் எண்ணம் இருந்தால் எழுது. 100 மி.மீ. சட்டம் போதாது, சரிவு தொடங்கும் கோடும் கீழே இறங்கும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி