நீ அனுப்பிய படத்தைப் பற்றி

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் சென்ற வாரம் கைக்குக் கிடைத்தது. 22 ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு, கட்டடக் கட்டமைப்பு ஆலோசனைக்கென்று சொந்தமாக நிறுவனம் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும், அந்தப் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். கல்லூரியில் படிக்கும்போதே நீ செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த காரியம் இது, தாமதமானாலும் நடந்துவிட்டது. இங்கே அனைவரும் நலம். என் மகள் படிப்பை முடித்துவிட்டு என் ஸ்டுடியோவிலேயே வேலை பழகுகிறாள். விளக்குகளை இடம்பார்த்து நிறுத்துவதிலும், படமெடுக்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பதிலும் அவளுக்கு இருக்கும் பொறுமையைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நிறுவனத்தின் இணையதளத்தில் போடுவதற்கு நீ அனுப்பிய படம் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. ஏதோ குடும்ப விழாவில் எடுத்த குழுப்படத்திலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறாய். உன் தோள்மேல் வேறொருவருடைய கை கிடக்கிறது. அந்தக் கை என்னுடையது என்பதால் அந்தப் படத்தின் மீது எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும், உன் கணக்கை நம்பித் தூண்களையும் உத்தரங்களையும் எழுப்பப் போகிற ஒருவர், உன்னை முதன்முதலில் பார்ப்பது அந்தப் படத்தில்தான் என்றால் என் மனம் ஒப்பவில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டொடொரோவ் ஆகிய இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றை என்னிடம் வருகிறவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டியபோதே, இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா என்று பார்த்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது அந்த முடிவுகள் பெரிதாக மாறவில்லை, முடிவின் மீது அவர்களுக்கு இருந்த உறுதிதான் கூடியது. அப்படிக் கட்டிய முடிவு சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தலைக்கு மேலே எரியும் விளக்கு ஒன்று கண்குழியில் நிழலைத் தள்ளிவிட்டால், நிதானமான மனிதர் களைத்தவராகவும், கண்டிப்பானவர் கடுகடுப்பானவராகவும் தெரிவார். அந்த நிழலுக்கும் அவருடைய குணத்துக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது. வெளிச்சத்தால் ஒருவருக்கு நேரும் இந்த அநியாயத்தைத் தடுப்பதுதான் என் தொழிலின் முதல் கடமை என்று நினைக்கிறேன்.

நான் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் செய்த ஒரு தவறை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஸ்டுடியோ தொடங்கிய மூன்றாம் ஆண்டில், சொந்தமாக மையம் நடத்தும் பிசியோதெரபிஸ்ட் அம்மையார் ஒருவர் படமெடுக்க வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் மூன்று ஆழமான கோடுகள். ஒருவர் தன் வலியைச் சொல்லும்போது புருவத்தை உயர்த்திக் கவனமாகக் கேட்டுக் கேட்டே விழுந்த கோடுகள் அவை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. இரவு முழுவதும் உட்கார்ந்து, கணினியில் படத்தைத் திருத்தும் ரீடச் வேலை செய்து மூன்றையும் அழித்தேன். படத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனவர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். புதிதாக வந்த நோயாளி ஒருவர், 'படத்தில் இருக்கும் டாக்டர் இன்று வரவில்லையா?' என்று அவரிடமே கேட்டாராம். அவர் கோபப்படவில்லை. 'என் நெற்றியை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டார். அன்றே மீண்டும் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு ரீடச் செய்ய உட்காரும்போதெல்லாம் ஒரே அளவுகோலைத்தான் கையாள்கிறேன்: இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடிய பருவையும் சிராய்ப்பையும் எடுத்துவிடலாம், மச்சம், தழும்பு, கோடு, நரை ஆகியவற்றின் மீது கை வைக்கக் கூடாது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவர் படத்தில் பார்த்த அதே ஆளைக் காண வேண்டும்.

இனி நீ விரும்பக்கூடிய கணக்கு ஒன்று. கையை நீட்டி ஃபோனில் நாமே எடுத்துக்கொள்ளும் படம் ஏன் நம்மைப் போல இல்லை என்று ஒருமுறை கேட்டாய். முகத்துக்கும் ஃபோனுக்கும் நடுவே 40 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள். மூக்கு நுனியிலிருந்து காது ஏறத்தாழ 12 செ.மீ. பின்னால் இருக்கிறது; அதாவது மூக்கு 40 செ.மீ. தொலைவிலும் காது 52 செ.மீ. தொலைவிலும் இருக்கின்றன. எனவே காதோடு ஒப்பிட மூக்கு 30 சதவீதம் பெரிதாக விழும். அதே ஆளை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் 6 சதவீதமாகக் குறைந்துவிடும். முகத்தின் விகிதத்தை மாற்றுவது லென்ஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாற்றுவது தொலைவு. அவ்வளவு தள்ளி நின்றும் முகம் படச் சட்டத்தை நிறைக்க வேண்டும் என்பதால்தான் நாங்கள், தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 85 மி.மீ. முதல் 135 மி.மீ. வரையிலான லென்ஸைப் போட்டுக்கொள்கிறோம்.

வெளிச்சத்திலும் இதே போன்ற ஒரு நியாயம் இருக்கிறது. ஒளி வரும் பரப்பு முகத்தோடு ஒப்பிட எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அவ்வளவு மென்மையாக நிழல் விழும். விளக்கின் முன் வெள்ளைத் துணி கட்டி ஒளியைப் பரப்பும் சாஃப்ட் பாக்ஸ் என்ற பெட்டியை, 90 செ.மீ. அகலமுள்ளதாக எடுத்து, முகத்திலிருந்து ஒரு மீட்டரில் வைத்தால் கன்னத்து நிழலின் ஓரம் கரைந்துபோகும். அதையே நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் கத்தியால் வெட்டியது போல நிழல் நிற்கும். தொலைவு இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளக்கைச் சற்று உயர்த்திப் பக்கவாட்டில் நிறுத்தி, கருவிழியின் மேற்பகுதியில் கேட்ச் லைட் எனப்படும் ஒளிப்பொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொள்வேன். அந்தப் பொட்டு இல்லாத கண்ணில் உயிர் இருக்காது. உனக்கு மூக்குக்கண்ணாடி இருப்பதால் விளக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, கண்ணாடியின் காம்புகளைக் காதின் மேல் சில மி.மீ. தூக்கி வைப்பேன், முன்பக்கம் தாழ்ந்து, பளபளப்பு கீழே போய்விடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்ல மாட்டேன், அது இல்லாமல் உன்னை யாரும் பார்த்ததில்லை.

படம் பிடித்து முடித்ததும் நீ நிச்சயம் குறைசொல்லப் போகிறாய் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். நாம் தினமும் கண்ணாடியில் பார்ப்பது இடவலம் மாறிய முகத்தை. 1977இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவருடைய படத்தை உள்ளபடியும் இடவலம் மாற்றியும் காட்டியபோது, படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாற்றிய படத்தையும், அவர்களுடைய நண்பர்கள் உள்ளபடியான படத்தையும் விரும்பினார்கள். பழகிய முகம் அவரவருக்கு வேறு. ஆகவே எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை உன் மனைவியிடமோ உன்னோடு வேலை செய்கிற அந்த மூன்று பொறியாளர்களிடமோ விட்டுவிடு.

சாம்பல் திரைக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்தால் போதுமா, வேலை செய்யும் இடத்தில் எடுக்க வேண்டுமா என்பது நீ கேட்காத கேள்வி. ஆனால் உன் விஷயத்தில் அதுதான் முக்கியமானது. முகப்படத்தைச் சீட்டில் ஒட்டிக் கையில் கொடுக்கும் பழக்கம் 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்ற ஒளிப்படக்காரர் பெற்ற காப்புரிமையோடு பெருகியது. ஒரே தகட்டில் பல சிறிய படங்களைப் பிடித்து விசிட்டிங் கார்டு அளவில் வெட்டி ஒட்டியதால் செலவு குறைந்தது. ஆனால் அந்தப் படங்களில் யாராக இருந்தாலும் அதே தூண், அதே திரைச்சீலை, அதே நாற்காலி. ஒருவர் செய்கிற தொழிலையே படத்தின் கட்டமைப்பாக்கிக் காட்டியவர்களில் அமெரிக்கரான ஆர்னால்டு நியூமன் தலையாயவர். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை அவர் 1946இல் எடுத்த படத்தில், பெரிய பியானோவின் திறந்த மூடி சட்டத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, மனிதர் ஒரு மூலையில் சிறியதாக இருப்பார். ஆனாலும் கண் அவரிடம்தான் போகும். அதே நியூமன் 1963இல் ஜெர்மானியத் தொழிலதிபர் ஆல்ஃபிரீட் குருப்பை அவருடைய தொழிற்சாலையிலேயே எடுத்தார். போர்க்காலத்தில் அடிமைத் தொழிலாளர்களை வேலை வாங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டவர் குருப்; நியூமனோ யூதர். முகத்தின் இருபக்கமும் விளக்கை வைத்து, அவரைச் சற்று முன்னால் குனியச் சொல்லி எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றும் முதுகு சில்லிடும். விளக்கு நிற்கும் இடத்தை மாற்றுவதன் மூலம் ஒரு முகத்தின் மீது தீர்ப்பே எழுதிவிட முடியும் என்பதை அதிலிருந்துதான் கற்றேன். கேமராவைத் தொடுகிறவர் அஞ்சி நடக்க வேண்டிய இடம் அது.

உன்னை நான் எப்படி எடுக்க விரும்புகிறேன் என்றால், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் நீ முதலில் தலையை உயர்த்தி மேற்கூரையைப் பார்ப்பாய். உத்தரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று உன் கண் ஓடும். பிறகுதான் எதிரில் நிற்பவருக்கு வணக்கம் சொல்வாய். அப்படிப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்தும் அந்த ஒரு கணத்தில், கணக்குப் போட்டு முடித்தவனுடைய அமைதி ஒன்று உன் முகத்தில் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கச் சொன்னால் அது வராது. நீ மேற்பார்வை பார்க்கும், பாதி எழும்பிய கட்டடம் ஒன்றில், பக்கவாட்டில் வெளிச்சம் வரும் நேரத்தில் எடுப்போம். முதல் அரை மணி நேரம் கேமரா பைக்குள்ளேயே இருக்கும்; நீ எனக்கு அந்தக் கட்டடத்தை விளக்கிக்கொண்டிரு.

உன் மூன்று பொறியாளர்களையும் அதே நாளில் தனித்தனியாக எடுத்துவிடலாம். அவர்களுக்குச் சாதாரணப் பின்திரையே நல்லது. நால்வருக்கும் வெளிச்சமும் கேமராவின் உயரமும் சட்டத்தில் முகத்தின் அளவும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் என்று பார்த்தவுடன் தெரியும். விளக்கு எத்தனை அடி தள்ளி நின்றது, எந்த உயரம், எந்த லென்ஸ் என்பதையெல்லாம் என் மகள் குறித்துவைப்பாள்; அடுத்த ஆண்டு ஐந்தாவது ஆள் சேர்ந்தால் அவருடைய படமும் இவற்றோடு பொருந்தும்.

சில்லறை விஷயங்கள் சில. மெல்லிய கட்டம் போட்ட உன் நீலச் சட்டையைத் தவிர்த்துவிடு. நெருக்கமான கட்டமும் கோடும் கேமராவின் சென்சாரில் நீரலை போல நெளியும், அதை முழுதாக அகற்றுவது பெரும்பாடு. முடி வெட்டிக்கொள்வதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே வெட்டிக்கொள். லிங்க்ட்இன் போன்ற தளங்கள் படத்தை வட்டமாக வெட்டும் என்பதால் தலைக்கு மேலும் இருபுறமும் இடம் விட்டுத் தருவேன். அச்சுக்கு வேறு கோப்பு, இணையத்துக்கு வேறு கோப்பு. வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை அச்சகத்துக்கு அனுப்பிவிடாதே, அது சுருக்கப்பட்டிருக்கும். படத்தின் உரிமை சில நாடுகளில் எடுத்தவருக்கும், சில நாடுகளில் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கும் போகிறது. ஆகையால் யாரிடம் எடுத்தாலும் எங்கெங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நண்பர்களாயினும் நாமும் எழுதிக்கொள்வோம்.

நாலைந்து செல்ஃபிகளைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவே கோட்டும் சூட்டுமாகப் படம் செய்து தந்துவிடுகிறதே என்று உன் பொறியாளர்களில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். நானும் அப்படிச் செய்த படங்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் குறைசொல்ல முடியாதபடி இருக்கிறது. ஆனால் அந்தக் கணத்தில் அந்த மனிதர் அங்கே இருக்கவில்லை. ஒரு கட்டடத்தின் பலத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஒருவனுடைய முகம், நடக்காத ஒன்றின் படமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இளைஞரையும் அழைத்து வா. அவரை முதலில் எடுக்கிறேன்.

வரும் மாதம் எந்த நாள் உனக்குத் தோதுப்படும் என்று எழுது. காலை வெளிச்சம் அந்தக் கட்டடத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் ஒரு நாள் கவனித்துச் சொல். கல்லூரி முதலாண்டில் வாங்கி, ஒரு முனை உடைந்த பிறகும் நீ தூக்கிப்போடாமல் வைத்திருக்கிற அந்த அளவுகோல் இன்னும் இருந்தால், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்