தானியக் கூப்பன் இல்லாமல் ஒரு சீனக் காதல்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மதிப்புரையை நம்பித்தான் அந்தச் சீனக் காதல் நாவலை வாங்கினேன். மாவோ காலம், ஷாங்காய் பையன், கிராமத்துப் பெண் என்றதும் ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன், ஏமாற்றம்தான் மிச்சம். நடை நன்றாகவே ஓடுகிறது, அதில் குறையில்லை. ஆனால் அந்த நாட்டில் அந்தக் காலத்தில் இரண்டு பேர் காதலித்தால் என்னவெல்லாம் குறுக்கே வந்து நிற்கும் என்று எழுதியவர் யோசிக்கவே இல்லை.

கதை 1969-இல் தொடங்குகிறது. படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் விவசாயிகளிடம் பாடம் கற்கட்டும் என்று 1968 டிசம்பரில் மாவோ சொன்ன பிறகு லட்சக்கணக்கான நகரத்துப் பிள்ளைகள் மூட்டை கட்டினார்கள், நாயகனும் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஹெய்லாங்ஜியாங் மாகாணத்துக்குப் போகிறான். சரி. அப்புறம் அந்தக் கிராமத்துப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நினைத்தபோது ரயிலேறுகிறான், வழியில் விடுதியில் தங்குகிறான், கடையில் நூடுல்ஸ் சாப்பிடுகிறான்! ஊர் நிர்வாகமோ வேலையிடமோ எழுதித் தரும் அறிமுகக் கடிதம் இல்லாமல் அன்றைக்கு அறை கிடைக்காது. கையில் காசு இருந்தாலும் அரசு அளந்து கொடுத்த தானியக் கூப்பனைக் கொடுக்காமல் நூடுல்ஸ் கிடைக்காது, மாகாணம் தாண்டினால் உள்ளூர்க் கூப்பனும் செல்லாது, நாடு முழுக்கச் செல்லுபடியாகும் கூப்பன்தான் வேண்டும். அவளுக்கு ஷாங்காயைக் காட்ட அவன் தன் பங்குச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கூப்பன் சேர்த்தான் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய காதல் காட்சி வேண்டுமா? இவரோ பனி, நிலவு, பிர்ச் மரம் என்று பக்கம் பக்கமாக வர்ணித்துக்கொண்டே போகிறார்.

அவளுடைய அப்பா நிலக்கிழார், அதாவது வர்க்க எதிரி, என்று முத்திரை குத்தப்பட்டவர். இது ஒரே வரியில் வந்து காணாமல் போகிறது. அந்த முத்திரை பிள்ளைகள் தலையிலும் விழுந்தது, அந்த வீட்டில் பெண் எடுத்தவனுக்குக் கட்சி, படிப்பு, வேலை எல்லாமே சிக்கலானது. இவ்வளவு பெரிய முட்டுக்கட்டை கையில் இருக்கும்போது, பெண் பித்துப் பிடித்த கம்யூன் (கிராமக் கூட்டுப்பண்ணை) செயலாளர் ஒருவரை வில்லனாகக் கொண்டுவருவானேன்?

முடிவுதான் எனக்குத் தாங்கவில்லை. 1977 டிசம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு திரும்ப வந்தது, எழுதிய 57 லட்சம் பேரில் 3 லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே இடம். அதில் நாயகன் தேறுகிறான், மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஷாங்காய் போகிறான், சுபம். யார் எந்த ஊர்க்காரர் என்று அரசு எழுதி வைத்த குடும்பப் பதிவு அவளுக்குக் கிராமத்தில் இருக்கிறதே! அன்றைக்கு நகரத்துப் பதிவு இல்லாமல் நகரத்தில் ரேஷன் கிடையாது. குழந்தைக்கும் அம்மாவின் பதிவுதான், அப்பா ஷாங்காய்க்காரர் என்பது உதவாது. ஊர் திரும்புவதற்காக விவாகரத்து செய்தவர்கள் உண்டு, குழந்தையைக் கிராமத்திலேயே விட்டுப் போனவர்களும் உண்டு. அவன் போவானா, இருப்பானா? அந்த இரவில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? நாவலே அங்கேதான் இருக்கிறது, இவர் அதை ஒரு ரயில் டிக்கெட்டில் முடித்துவிட்டார்.

"அந்தக் காலத்தைக் கண்முன் நிறுத்தும் படைப்பு" என்று மதிப்புரையாளர் எழுதியிருந்தார். காதல் கதையாகப் பிடித்திருந்தால் அப்படியே சொல்லியிருக்கலாம், அந்தக் காலம் இந்தப் புத்தகத்தில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்