டீச்சரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும், சீருடைக்குத் துணி கொடுத்துவிட்டுக் காத்திருந்த தாய்மார்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். "டீச்சருக்கு ஆபரேஷன்" என்ற செய்தி மே மாதக் கடைசியில் தெருவில் பரவி, இரண்டு பேர் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். டீச்சர் என்பது என் கோழி. இரண்டு வயதான, சிறுவிடை என்ற நாட்டு இனத்துச் செந்நிறக் கோழி. நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்து, வரிசையைப் பார்வையிடுவது போல அது நடப்பதைப் பார்த்து என் பேத்தி வைத்த பெயர். யாருடைய நடை என்று அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அந்த ஆசிரியை இதைப் படித்துப் புரிந்துகொண்டால், பெயர் மரியாதையோடுதான் வைக்கப்பட்டது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பழத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வந்தவர்கள் வாங்கவில்லை. பேத்தி தின்றாள். அவர்களுக்கு என் முதல் நன்றி.

இப்படி ஒரு மடல் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நம் ஊர் நாமக்கல். லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன ஊர். இங்கே கோழியை ஒன்று, இரண்டு என்று யாரும் எண்ணுவதில்லை. பண்ணையில் எத்தனை ஆயிரம் என்றுதான் கேட்பார்கள். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் தங்கம் விலையைப் போல முட்டை விலையும் இருக்கும். ஐந்து காசு இறங்கினால் டீக்கடையில் அன்று அதுதான் பேச்சு. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை ஏற்றி அனுப்பும் ஊரில், வாரத்துக்கு மூன்று நான்கு முட்டை இடும் ஒற்றைக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி அலைந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து உதவியும் செய்தார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. விடியலில் கோழியை அடைத்து வைக்கும் கொடாப்பைத் தூக்கினால் முதலில் வெளியே பாய்வது டீச்சர்தான். அன்று பாயவில்லை. இறகைச் சிலிர்த்துப் பந்து போல் ஒடுங்கி, வாலைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடி நின்றது. கொண்டையின் சிவப்பு வெளுத்திருந்தது. கம்பு இறைத்தேன். ஒரு மணியை எடுத்து, ஏதோ நினைத்துக்கொண்டது போலக் கீழே போட்டுவிட்டது. கழுத்தை மட்டும் அடிக்கடி நீட்டி ஒரு பக்கமாக முறுக்கியது. எச்சம் கொஞ்சமாக, பச்சையும் வெள்ளையுமாக இருந்தது.

கோழி வளர்த்தவர்களுக்கு இதைப் படித்ததுமே வயிற்றில் புளி கரைந்திருக்கும். வெள்ளைக்கழிச்சல். டாக்டர்கள் ராணிக்கெட் என்பது அதைத்தான். வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது; வருவதற்கு முன் போடும் தடுப்பூசி ஒன்றுதான் காவல். ஒரு வீட்டில் நுழைந்தால் தெருவின் கொடாப்புகளையெல்லாம் காலி செய்துவிட்டுத்தான் போகும். பிப்ரவரியில் நடக்கும் முகாமில் டீச்சருக்கு ஊசி போட்டிருந்தேன். இருந்தாலும் மனம் கேட்குமா? தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. காய்ச்சல் என்று நானே முடிவு செய்து ஈரத்துணியைப் போர்த்தினேன். கோழிக்கு இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உடற்சூடு இருக்கும் என்பதும், நோயில் ஒடுங்கி நிற்கும் கோழிக்கு வேண்டியது கதகதப்புதான் என்பதும் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் விட முடியாது, தெருவே கேட்டது.

கிழக்கு வீட்டு ஆத்தாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாலையில் வந்து எட்டிப் பார்த்தவர், "இப்போது தொட்டால் ஒன்றும் தெரியாது கண்ணு, விடியட்டும். இரவு ஒன்றும் வைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை காலை ஐந்து மணிக்குக் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, கோழியின் மார்புக்கு மேலே வலப்பக்கத்தில் விரலை வைத்தார். கோழி தின்பதெல்லாம் முதலில் போய்ச் சேரும் தீனிப்பை அங்கேதான் இருக்கிறது. அந்தியில் புடைத்திருந்தாலும், இராத்திரி முழுக்க ஒன்றும் தின்னாமல் இருப்பதால், விடிவதற்குள் அது வற்றி, இருக்கும் இடமே தெரியாமல் தட்டையாகிவிட வேண்டும். டீச்சருக்கு எலுமிச்சம்பழம் அளவில் கட்டியாக நின்றது. அலகைத் திறந்து மோந்து பார்த்து, "புளித்த மாவு வாடை. இது கழிச்சல் இல்லை, அடைப்பு" என்றார் ஆத்தா. எந்தக் கருவியும் இல்லாமல், அரை நிமிடத்தில். பச்சை எச்சம் ஏன் என்று பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டேன். தீனி கீழே இறங்காமல் வெறும் பித்தம் மட்டும் வெளியேறினால் அப்படித்தான் இருக்குமாம். ஆத்தாவின் விரலுக்கு என் இரண்டு கையெடுத்துக் கும்பிடு.

அடுத்து, முட்டைப் பண்ணை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பிக்கு. பண்ணையில் வேலை செய்பவர்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கக் கூடாது. பிறர் வீட்டுக் கோழியைத் தொட்டுவிட்டு வேலைக்கும் போகக் கூடாது. செருப்பிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு நோய் உள்ளே போய்விட்டால் ஆயிரக்கணக்கில் போய்விடும். ஆகவே அந்தத் தம்பி என் கேட்டுக்கு வெளியே, சாலையின் மறு ஓரத்தில் நின்றுகொண்டே வைத்தியம் சொன்னார். மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து அட்டைப்பெட்டியில் பழைய சேலையை விரித்து வைக்கச் சொன்னார். தேங்காய் எண்ணெய் சில சொட்டு மட்டும் அலகின் ஓரமாக விட்டு, கட்டியை மெதுவாக வட்டமாக நீவிவிடச் சொன்னார். "அழுத்தாதீர்கள் அக்கா, மாவு பிசைவது போல இல்லை, குழந்தைக்கு வயிறு தடவுவது போல" என்று அவர் நடுச்சாலையில் கையால் காற்றைத் தடவிக் காட்டியதைப் பார்த்து நின்றுபோன இருசக்கர வாகனக்காரர்களுக்கும் வணக்கம்.

மதியம் வரை நீவியும் கட்டி இளகவில்லை. இடையில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கோழியைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தேன். கரகரவென்று நீர் வந்தது, மூக்கு வழியாகவும் வந்தது, கண் செருகிவிட்டது. மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால் அந்த நீர் உள்ளே போனால் கோழி மூச்சடைத்துச் செத்துப்போகும் என்று டாக்டரம்மா பின்னர் என்னைக் கண்டித்த கண்டிப்பு இன்னும் காதில் இருக்கிறது. யார் சொன்னாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

பயந்துபோய் ஒரு தனியார் கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசினேன். "நாட்டுக்கோழி என்ன விலை விற்கிறது? அதைவிட வைத்தியச் செலவு அதிகம் ஆகும். அறுத்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. கணக்கு சரிதான். குறை சொல்லவில்லை. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடைக்கான வண்டி வரும் என்பதும் தெரியும். எங்கோ ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவிக்கும் நேரத்தில் என் கோழிக்காக அந்த வண்டியைத் திருப்ப மனம் வரவில்லை.

அதனால் ஆட்டோ தம்பியை அழைத்தேன். பதற்றத்தில், "டீச்சருக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வா சாமி" என்று சொல்லிவிட்டேன். அவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். எந்த டீச்சரோ என்று பதறி நாலு நிமிடத்தில் வந்து நின்றார். பின் இருக்கையில் கூடையோடு நான் ஏறியதும், "டீச்சர் எங்கே அக்கா?" என்று கேட்டார். கூடையைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வண்டியை எடுத்தார். மலைக்கோட்டை கண்ணில் படும் வரை அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. போகவர 200 ரூபாய் நீட்டினேன், பாதியைத்தான் வாங்கினார். மீதிக்கு ஒரு காக்கிச் சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அரசு கால்நடை மருத்துவமனையில் எனக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு நாய், கால் வீங்கிய ஒரு கன்றுக்குட்டி. டாக்டரம்மா டீச்சரைத் தொட்டுப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். "நீவிக் கரைக்கும் பொருள் இல்லை, திறந்துதான் எடுக்க வேண்டும்" என்றார். கோழி என்று அலட்சியமாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. உதவியாளர் அண்ணன் இறக்கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை ஒரு துணியால் மூடினார். இருட்டானதும் கோழி தானாக அடங்கியது. மார்பில் கொஞ்சம் இறகைப் பிடுங்கி, மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு விரல் அகலத்துக்குத் தோலையும் பிறகு தீனிப்பையையும் திறந்தார்.

எடுத்ததைத் தட்டில் வைத்தார். காய்ந்த புல், கொஞ்சம் தேங்காய் நார். அவற்றையெல்லாம் கயிறு போலச் சுற்றி இறுக்கியிருந்தது நூல். கருநீல நூல். நடுவில் ஒரு பாவாடைக் கொக்கி.

நான் முப்பது வருடமாகத் தையற்காரி. மே மாதம் என்றால் எனக்குச் சீருடை மாதம். திண்ணையில் மெஷின் நிற்காது. இந்த வருடம் எந்தப் பள்ளிக்குக் கருநீலப் பாவாடை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வெட்டிப் போட்ட நூலெல்லாம் காலடியில் கிடக்கும். டீச்சர் மெஷினுக்குக் கீழே உலாவிக்கொண்டிருக்கும். புழு என்று நினைத்துக் கொத்தியிருக்க வேண்டும். அந்தக் கொக்கி கீழே இறங்கிக் குத்தியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தைத்ததையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? உள்பையின் ஓரத்தை உள்ளுக்கு மடித்துத் தைத்து, கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகுதான் மேல்தோலைத் தனியாகத் தைத்தார். நாங்கள் பிசிறு தெரியாமல் இருக்க மடித்துத் தைப்போம். அவர் உயிர் கசியாமல் இருக்க மடித்துத் தைத்தார். தையல் ஒவ்வொன்றும் ஒரே இடைவெளி. உள்ளே போட்ட நூல் தானாகக் கரைந்துவிடுமாம். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக் காரியம்.

மேற்கு வீட்டு அக்கா, அன்று காலையில் உங்கள் சுவர் ஓரத்தில் எறும்புப்பொடி தூவியிருந்ததைப் பார்த்துவிட்டு, என் கோழிக்கு நீங்கள்தான் மருந்து வைத்துவிட்டீர்கள் என்று சுவரின் மேல் நின்று கத்தினேன். பழைய தண்ணீர்க்குழாய்ச் சண்டையையும் சேர்த்து இழுத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. மறுநாள் மதியம் நான் கோழியை எதில் தூக்கிப் போவது என்று தெரியாமல் நின்றபோது, மூடி போட்ட கூடை ஒன்றைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அந்தக் கூடையில்தான் டீச்சர் போனது. வைத்தது எறும்புப்பொடியும் இல்லை, வைத்தவர் நீங்களும் இல்லை. என் நூல், என் கொக்கி, என் திண்ணை. கத்தியது தெரு முழுக்கக் கேட்டதால், மன்னிப்பையும் தெரு முழுக்கத் தெரியும்படியே கேட்கிறேன்.

பிறகு நடந்தது பெரிய கதை இல்லை. முதல் நாள் தண்ணீர் மட்டும், அதுவும் சிறிது சிறிதாக. அதன்பிறகு குழைந்த சோற்றில் தயிர், மசித்த அவித்த முட்டை. கோழிக்கு முட்டையா என்று பேத்தி அருவருத்தாள். டீச்சருக்கு அப்படி எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்பூன். விடியலில் எழுந்து தீனிப்பை வற்றியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது பேத்தியின் வேலையாகிவிட்டது. ஆத்தாவின் கையைப் பிடித்து இடம் காட்டிக் கற்றுக்கொண்டாள். நாலாம் நாள் காலை, "ஒன்றுமே இல்லை அம்மாயி!" என்று அவள் போட்ட கூச்சலில் தெரு விழித்துக்கொண்டது. தூக்கம் கலைந்தவர்கள் பொறுத்துக்கொண்டதற்கும் நன்றி. மருந்தை அளந்து தனித்தனிப் பொட்டலமாக மடித்து, வேளையை எழுதிக் கொடுத்த மருந்துக்கடைத் தம்பிக்கும் நன்றி.

பத்து நாளில் மேல்தையலைப் பிரித்தார்கள். மருந்து முடிந்தும் டாக்டரம்மா சொன்ன நாள் வரை முட்டை எதையும் தின்னாமல் குழிதோண்டிப் புதைத்தோம். அதற்குப் பிறகு இட்ட முதல் முட்டை மேற்கு வீட்டுச் சுவர்மேல், அதே கூடையில் வைக்கப்பட்டது. கூடை காலியாகத் திரும்பி வந்தது. அடியில் ஒரு பிடி கம்பு இருந்தது.

கடைசியாக, பள்ளி திறக்கும் நாள் நெருங்கியும் என்னை நச்சரிக்காமல் இருந்த தாய்மார்களுக்கு. ஒருவர் பழைய பாவாடையின் விளிம்பைப் பிரித்து இறக்கிக் கட்டி மகளை அனுப்பியதை நான் பார்த்தேன்; பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மெஷினுக்குக் கீழே இப்போது ஒரு பழைய பெயின்ட் டப்பா இருக்கிறது. நூல் துண்டு எல்லாம் அதற்குள் போகிறது. டீச்சர் தினமும் வந்து மூடியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகிறது.

கருநீலப் பாவாடை ஆறும் தயார். இரண்டு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு பாவாடைக்கு மட்டும் கொக்கி குறைகிறது. எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். புதியது வாங்கி வைத்துவிடுகிறேன்.