கால்பந்து மன்றம், வியாசர்பாடி: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி ஐவர் கால்பந்துப் போட்டி நடத்தினோம். நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் மைதானம் குளமாகிவிட்டதால் பயிற்சி தடைப்பட்டது. பொங்கல் போட்டி வழக்கம்போல் நடந்தேறியது.

அடுத்தது பந்துப் பட்டறை. மன்றப் பணத்தைச் செயலாளர் ஊசியிலும் நூலிலும் கரைத்துவிட்டார் என்று பேச்சு உலவுவதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற பருவத்தில் ஒரு கடையில் மொத்தமாகப் பந்துகள் வாங்கினோம். கைத்தையல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவற்றில் பாதி, தையல் போலவே கோடு வார்த்த ரப்பர் பந்துகள். மீதி இயந்திரத் தையல்; உள்ளே ஒற்றை அடுக்குத் துணி. ஒரு மாதத்துக்குள் மூட்டுகள் பிரிந்து பந்துகள் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. மன்றத்தின் பெரிய செலவே பந்து வாங்குவதுதான் என்பதால், ஞாயிறு காலைகளில் மன்ற அறையிலேயே பந்து தைக்கவும் பழுது பார்க்கவும் ஒரு பட்டறை நடத்தலாம் என்று முன்மொழிந்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அன்று கையுயர்த்திய சிலரே இன்று ‘யாரைக் கேட்டுத் தொடங்கினீர்கள்’ என்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது.

முதலில் செத்த பந்துகளைப் பிரித்துப் பார்த்தோம். மேலே பி.யு. அல்லது பி.வி.சி. எனும் செயற்கைத் தோல், அதன் பின்புறம் லேடக்ஸ் எனும் ரப்பர் பால் பசையால் ஒட்டிய துணி அடுக்குகள், உள்ளே காற்றடைக்கும் பையான பிளாடர். துணி அடுக்குகள் குறைந்தால் பந்து இழுபட்டு உருவம் கெடும். விலை மலிவாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பிளாடர் பியூட்டைல் ரப்பராக இருந்தால் காற்று நெடுநாள் நிற்கும். லேடக்ஸ் பிளாடர் நன்றாகத் துள்ளும், ஆனால் காற்று விரைவில் இறங்கிவிடும். ஆட்டத்துக்கு ஆட்டம் பம்ப் அடித்தாக வேண்டும். இது தெரியாமல் எத்தனை நல்ல பந்துகளைப் பஞ்சர் என்று மூலையில் போட்டிருக்கிறோம்!

வழக்கமான பந்தில் 12 ஐங்கோணத் துண்டுகளும் 20 அறுகோணத் துண்டுகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அறுகோணமாகவே வெட்டினால் என்ன என்று ஒரு தம்பி கேட்டான். அட்டையில் வெட்டி வைத்துக் காட்டினேன். மூன்று அறுகோணங்கள் கூடும் முனையில் கோணங்கள் சேர்ந்து 360 பாகை. தரை ஓடு போலத் தட்டையாகவே கிடக்கும். ஓர் ஐங்கோணமும் இரண்டு அறுகோணங்களும் கூடினால் 348 பாகைதான். குறைகிற அந்த 12 பாகைதான் துண்டுகளை வளைத்து உருண்டையாக்குகிறது. அப்படி 60 முனைகள், 90 மூட்டுகள். ஒரு மூட்டில் தையல் தளர்ந்தாலும் அதை அடுத்த மூட்டுகள் சுமக்க வேண்டியிருக்கும்.

தைப்பதற்குத் துளையிட்ட துண்டுகளைப் பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து வரவழைத்தோம். பிரிவினையின்போது, இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வளர்த்த தொழில் அது. நம் தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவர் நூலுக்கு மெழுகு பூசுவதையும் இழுப்பின் பதத்தையும் கற்றுக்கொடுத்தார். ஒரே நூல், இரு நுனியிலும் ஊசி. ஒரே துளையில் இரண்டும் எதிரெதிராக நுழைந்து இறுக வேண்டும். பந்தை உள்புறம் வெளியே தெரியத் தைத்து, கடைசி வாய் வழியே புரட்டி, அந்த வாயை வெளியிலிருந்தே மூடி முடிச்சை உள்ளே மறைக்க வேண்டும். எல்லோரும் திணறுவது அந்தக் கடைசி வாயில்தான். கைதேர்ந்தவருக்கே ஒரு நாளில் மூன்று, நான்கு பந்துகளுக்கு மேல் வராது என்பதை, பந்துக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க மனம் வராத உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பட்டறையில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார்கள். சியால்கோட்டில் சிறுவர்கள் பந்து தைத்த நிலையை மாற்றத்தான் 1997இல் அட்லாண்டா ஒப்பந்தம் வந்தது. பிள்ளைகள் பந்தை உதைக்கட்டும். ஊசியைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் பிடிக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாங்கள் தைத்த பந்து மளிகைக் கடைத் தராசில் 410–450 கிராம் வரம்புக்குள் நின்றது. சுற்றளவும் 68–70 செ.மீ. விதிக்குள் அடங்கியது. காற்றழுத்தத்துக்கு விதி சொல்வது கடல்மட்டத்தில் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம். கடலோரத்தில் இருக்கும் நமக்கு அது அப்படியே பொருந்தும். இளையோர் அணி அந்தப் பந்தில்தான் இப்போது பயிற்சி எடுக்கிறது. பழுது பார்த்த பந்துகளும் ஆடுகளத்துக்குத் திரும்பியிருக்கின்றன. ஓர் வேண்டுகோள்: பம்ப் ஊசியை நனைக்காமல் வால்வில் குத்தாதீர்கள், மே மாத வெயிலில் பந்தை மைதானத்தில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைத்திருக்கிறார். சந்தாவும் நன்கொடையும் போட்டிச் செலவுக்கும் மைதானச் செலவுக்கும் பெரும்பாலும் சரியாகிவிட்டன. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அது ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறது, போட்டி நாளில் பனியன் கேட்டு முதலில் நிற்கிறார்கள், சந்தாப் புத்தகத்தில் மட்டும் அவர்கள் பக்கம் வெறுமையாக இருக்கிறது. வேலையில்லாத தம்பிகளை நான் குறிப்பிடவில்லை; அவர்களில் சிலர் தவணையில் கட்டி முடித்துவிட்டார்கள். மாதச் சம்பளம் வாங்கும் அண்ணன்மார்களைத்தான் சொல்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோன பந்துகளும் இன்னும் திரும்பவில்லை. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து கொடுங்கள். அதிலிருக்கும் பிளாடராவது உதவும்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், மைதானத்தைச் சுத்தம் செய்த தோழர்கள், தராசு தந்த கடைக்காரர், நம் பெரியவர் அனைவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் வாலிபால் தைக்கவும் எண்ணம். அது 18 துண்டுகள், 260–280 கிராம், தோலும் மென்மையானது. அருகிலுள்ள பள்ளிகளின் பந்துகளைப் பழுது பார்த்துக் கொடுத்தால் மன்றத்துக்குச் சிறு வருமானமும் கிடைக்கும். ஆனால் தைக்கும்போது துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் மரக்கிட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் தைக்க மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு கிட்டிகளும் ஒரு கட்டு நூலும் கிடைத்தால் பட்டறை நிற்காது. நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே அதற்குப் போதும். பொருளாளர் இன்று ரசீதுப் புத்தகத்தோடு கூட்டம் முடியும்வரை வாசலருகே அமர்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்