உன் அக்கா பையனின் கண் பற்றி

அன்புள்ள சேகர்,

கடிதமும் ரிப்போர்ட் நகலும் வந்து பத்து நாளாகிறது. முதலில் சின்னவளுக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு. கோபித்துக்கொள்ளாதே.

பையனுக்குப் பிறவி மாலைக்கண், கால்சியம் வழியில் கோளாறு என்று மரபணு ரிப்போர்ட் சொன்னதும், கால்சியம் மாத்திரையும் பொன்னாங்கண்ணிக் கீரையும் கொடுக்கலாமா என்று அக்கா கேட்டதாக எழுதியிருந்தாய். அவளிடம் உடனே சொல்: கால்சியம் மாத்திரை வேண்டாம். பொன்னாங்கண்ணிக் கீரையும் இதற்கு உதவாது (பிடித்தால் சாப்பிடட்டும், நல்லதுதான்). மாலைக்கண் என்றதும் நமக்கு வைட்டமின் ஏ ஞாபகம் வரும். இது அந்த மாலைக்கண் இல்லை. பையன் உடம்பில் கால்சியம் குறையவில்லை, அது செல்லுக்குள் போகிற வழியில்தான் கோளாறு. ஏரி நிறையத் தண்ணீர் கிடந்தும் மதகு சரியாகத் திறக்காவிட்டால் வயலுக்கு என்ன வரும்?

ரிப்போர்ட்டில் உள்ள சிஏசிஎன்ஏ1எஃப் அந்த மதகைச் செய்கிற மரபணு. விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்லின் கடைக்கோடியில் மதகு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இருட்டில்தான் அந்தச் செல் ஓயாமல் பேசும். கால்சியம் உள்ளே வர வர, குளூட்டமேட் என்ற ரசாயனம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், அதுதான் அடுத்த செல்லுக்குப் போகிற பேச்சு. வெளிச்சம் பட்டால் பேச்சு அடங்கும், அதை வைத்துத்தான் அடுத்த செல் வெளிச்சம் வந்ததைத் தெரிந்துகொள்கிறது. பேச்சே முணுமுணுப்பாக இருந்தால் அடங்கியது எப்படித் தெரியும்? தினமும் இ.ஆர்.ஜி. (விழித்திரையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) எடுக்கிறவன் நான், இதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். இருட்டில் உட்காரவைத்து ஃபிளாஷ் அடித்தால் கீழே இறங்கும் ஏ அலை, அதாவது ஒளி வாங்கும் செல்லின் பதில், ஒழுங்காக வரும். அடுத்த செல்லிலிருந்து எழும்ப வேண்டிய பி அலை நோஞ்சானாக நின்றுவிடும்.

பிறவி மாலைக்கண் என்று பேர் இருந்தாலும் பல பையன்களுக்கு இருட்டு பெரிய தொந்தரவே இல்லை. கிட்டப்பார்வை, கண் ஆட்டம், வெயிலில் கூச்சம், போர்டு தெரியாதது... நீ எழுதியிருந்தது அப்படியே இதுதான்.

ஃபின்லாந்தின் ஓலாண்ட் தீவுக் குடும்பம் ஒன்றில் இப்படியொரு கண்நோயை 1964லேயே ஃபோர்சியஸ், எரிக்சன் என்ற இருவர் எழுதிவைத்தார்கள். இந்த மரபணு 1998ல் பிடிபட்டது. தீவுக்காரர்களின் நோயும் அதனால்தான் என்று தெரிய 2007 ஆகிவிட்டது.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று அக்காவின் மாமியார் சொல்கிறாராமே. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டும்தான் வரும். இதைச் சொன்னால் பழி அப்படியே அக்கா தலையில் விழும் என்பதுதான் எனக்குப் பயம். அவளா கேட்டு வாங்கினாள்? மாமியாரிடம் நீயே பேசு, அவளை விட்டுப் பேசவைக்காதே. பையனின் தங்கச்சிப் பாப்பாவும் இந்த மரபணுக் கோளாறைச் சுமக்கலாம், ஆனால் பெரும்பாலும் கண் நன்றாகவே இருக்கும். கல்யாண வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. பெரும்பாலும் கூடிக்கொண்டே போவதும் இல்லை. இதே மரபணுவில் சில கோளாறுகள் மட்டும் வயதாக ஆகப் பார்வையைக் குறைக்கும், ஆகவே வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். இப்போதைக்குச் சரியான பவரில் கண்ணாடி, வெயிலுக்கு நிறக் கண்ணாடி, வகுப்பில் முதல் பெஞ்ச்.

சித்திரையில் ஊருக்கு வருகிறேன். டீச்சரிடம் நானும் கூட வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
ரவி