பேரிஜம் போய் வந்தேன்

தண்டையார்பேட்டை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்றா? சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாளில் மாடியில் துணி காயப்போட யோசிப்பதுதான், மற்றபடி குறையில்லை.

கொடைக்கானல் போனதைப் போனில் அரையும் குறையுமாகத்தான் சொன்னேன். வத்தலக்குண்டு வழியாகவே ஏறி இறங்கிவிட்டோம், உன் வீட்டுக்கு வர முடியவில்லை. ஆனால் பெரியகுளத்தில் நீங்கள் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ, அந்தப் பேரிஜம் ஏரிக்கரையில் நின்றுவிட்டு வந்தேன். நீ அங்கே வாழ்க்கைப்பட்டுப் போய் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா?

கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். காப்புக்காடு என்பதால் வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு. யானை நடமாட்டம் என்றால் அதுவும் கிடையாது. மலை ஏறவே 2024 மே முதல் இ-பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இதெல்லாம் கெடுபிடி என்று மருமகன் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் முன்னால் நின்ற வண்டியில் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு மூட்டை பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார் காவலர். அதைப் பார்த்த பிறகு யார்தான் கெடுபிடி என்பார்கள்?

ஏரி அவ்வளவு அமைதி. கரைச் சேற்றில் காட்டுமாட்டின் குளம்புத் தடம், உள்ளங்கை அகலத்துக்கு. அதில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன.

சுற்றிலும் என்ன பசுமை என்று நான் வாயைப் பிளக்க, கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சிரித்தார். "பச்சையா இருந்தா எல்லாம் காடுன்னு நெனச்சுக்குவீங்கம்மா. அதுல பாதி சீகை, பைன்." சீகை என்றால் நம் சீயக்காய் இல்லை, வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம். மேட்டில் புல்வெளி, மடிப்பில் சோலை, இதுதான் இந்த மலையின் சொந்தக் காடாம். மழையைப் பிடித்து வைத்துக் கோடையிலும் ஓடையை ஓட விடுவது அந்த இரண்டும்தான். சீகையை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது பட்டைக்காக. தோல் பதனிட அந்தப் பட்டை உதவும். பெரியமேட்டுத் தோல் மண்டிகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்துவோமே, அந்தத் தொழிலின் மறுமுனை இங்கே மலை உச்சியில் இருக்கிறது!

இப்போது அந்தச் சீகை புல்வெளியை மூடிக்கொண்டு வருகிறது. வெட்டினால் தீருமா என்றால் தீராது. விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும், வெயில் பட்டதும் கும்பலாக முளைக்கும். ஒவ்வொரு வருஷமும் போய்க் கன்றைப் பிடுங்க வேண்டும். இன்னொரு சிக்கல், சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைதூக்குகின்றனவாம். அங்கே சீகையை மொட்டையாக வெட்டினால் அதுகளும் போச்சு. இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

நம் தெருவில் வருஷா வருஷம் பேனர் கட்டி மரக்கன்று நடுகிறார்களே, நானும் போய் போட்டோவில் நிற்கிறேன். என்ன மரம், அந்த மண்ணுக்கு ஏற்றதா என்று யாரும் கேட்டதில்லை. பிடுங்குகிற வேலைக்கு யார் பேனர் கட்டுவார்கள்? நாம் குடித்து வளர்ந்த புழல் ஏரியைச் சுற்றிலும் இப்போது வீடுதான். உங்கள் தண்ணீருக்காவது ஒரு காடு காவல் இருக்கிறது.

சரி, பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். காணும் பொங்கல்வரை இருக்கிற மாதிரி வா. காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வறுத்துத் தருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை செய். உன் கொழுந்தனாருக்கு வனத்துறையில் ஆள் தெரியும் அல்லவா? சீகைக் கன்று பிடுங்க வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்து எழுது. முட்டிவலிக்காரி என்று மட்டும் சொல்லிவிடாதே, மணை போட்டு உட்கார்ந்துகொண்டு பிடுங்குவேன்.

அன்புடன்,
கஸ்தூரி