வட்டக்கச்சியிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். சிறுபோகம் விதைத்தாச்சு, இரணைமடு வாய்க்காலில் முறைத் தண்ணி வருகிறது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. சரி, அதெல்லாம் தங்கச்சி சொல்லியிருப்பாள். நான் அந்த ஜப்பான் கார்ட்டூன், அனிமே பற்றித்தான் எழுத வந்தேன்.

போன வருஷம் ஆளுக்கொன்றாகப் பிரித்து அனுப்பினாயே, தங்கச்சிக்குக் கரப்பந்துக் கதை ‘ஹைக்யூ’, அம்மாவுக்கு ‘டொட்டோரோ’, எனக்குப் பண்ணைப் பள்ளிக்கூடக் கதை ‘சில்வர் ஸ்பூன்’. அவர்கள் அப்பவே பார்த்து முடித்துவிட்டார்கள், நான்தான் வயல் வயல் என்று தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்தேன். இப்ப இரண்டு சீசனும் பார்த்தாச்சு. அது கதையின் பாதியில் நிற்கிறது என்று தங்கச்சி சொன்னாள், அதனால் அதன் மூலப் படக்கதையான மங்காவையும் பிடித்தோம், 15 புத்தகம், அவள் வலப்பக்கமிருந்து ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் படத்தைப் பார்ப்பேன். அதிகம் வாசிக்காத மனுசன் இரவு பத்து மணிவரை முழித்திருக்கிறார் என்று அம்மாவுக்கு ஆச்சரியம். நீ நேரத்துக்குப் படுக்கிறாயா? அங்கே எங்களுக்கு விடிகிற நேரத்தில்தான் உனக்கு இருட்டும், ஆனால் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எந்த நேரமும் எரிகிறது. நித்திரை முக்கியம்.

அதை எழுதிய அரகாவா ஜப்பானில் ஹொக்கைடோத் தீவில் பாற்பண்ணையில் வளர்ந்தவர் என்று நீ சொல்லியிருந்தாய். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். தாயிடம் பால் குடிக்க இடம் கிடைக்காமல் தள்ளுப்படுகிற அந்தக் கடைக்குட்டிப் பன்றியைக் கதைநாயகப் பொடியன் ஹச்சிக்கென் தூக்கி வளர்க்கிறான், அதற்கு ஒரு சாப்பாட்டின் பெயரையே வைக்கிறான், கடைசியில் தான் உழைத்த காசில் அதன் இறைச்சியை வாங்கி எல்லோருக்கும் சமைத்துக் கொடுக்கிறான். மாடு கன்று வைத்திருக்காத ஒருவரால் இதை அப்படி எழுத முடியாது, அழுகைக் கதையாக்கியிருப்பார்கள். எனக்கென்று இதைத் தெரிந்தெடுத்தாயே, அது பெரிய விஷயம் தம்பி, நான் எல்லோரிடமும் சொன்னேன்.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது. அந்தப் பொடியன் வீட்டை விட்டு விலகி இருக்க வேண்டும் என்றுதானே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். விடுமுறைக்கும் வீட்டுக்குப் போகாமல் சிநேகிதியின் பண்ணையில் வேலைக்கு நிற்கிறான். யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு பள்ளி விழாவுக்கு முதல் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அப்பத்தான் தகப்பன் வருகிறார். அந்த மனுசன் கதைக்கிற விதம் சரியில்லை, முகத்தில் ஒரு இளக்கம் இல்லை, ஆனாலும் வந்தாரே. ஹொக்கைடோவுக்குள் என்றபடியால் வந்தார். இரண்டு வேலை செய்கிறாயாம், தங்கச்சி சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

மே மாதம் டொரொண்டோவில் அனிமே ரசிகர்கள் கூடுகிற ‘அனிமே நோர்த்’ நடக்கும் என்று எனக்குத் தெரியும். போன முறை ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ கதைப் பொடியன் எட்வர்ட் எல்ரிக்கின் சிவப்புக் கோட்டை நீயே தைத்துப் போட்டுக்கொண்டு படம் அனுப்பினாய், அம்மா அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துத் தொப்பி பொருத்தின தையலைப் பார்த்து, என்னுடைய மெசினில் பழகின கை என்று பக்கத்து வளவுக்கெல்லாம் காட்டினா. இந்த முறை மே போய்விட்டது, படம் வரவில்லை. தங்கச்சிக்குக் கிழமைக்கு ஒன்றாவது பார் பார் என்று அனுப்புகிறவன், அதுவும் நின்றுவிட்டது. மாமாவிடம் கதைத்தேன், நீ வேறு அறை எடுத்திருக்கிறாய் என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யுத்தத்தில் தனித்துப்போன அண்ணன் தங்கச்சியின் கதை ‘மின்மினிகளின் கல்லறை’யை அப்பா அம்மாவுக்குக் காட்டாதே என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். பார்த்துவிட்டோம். நீ பயந்த மாதிரி அம்மா எழும்பிப் போகவில்லை. இனிப்பு டின் காலியான பிறகு அந்த அண்ணன்காரன் அதற்குள் தண்ணி விட்டுக் கலக்கித் தன் தங்கச்சிக்குக் கொடுக்கிற இடத்திலும் அசையாமல் இருந்தா. கடைசி யுத்தத்து மாத்தளன் நாட்களைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் அரிசி கிளைந்துகொண்டு நிற்கும்போதுதான் கேட்டா, அந்தப் பிள்ளை ஏன் சொந்தக்காரியின் வீட்டை விட்டு வெளிக்கிட்டான், நாலு பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கலாம்தானே என்று. நான் சொன்னேன், அவனுக்கு என்ன கஷ்டமோ, வெளிக்கிட்டது பிழையில்லை, ஆரிடமாவது சொல்லியிருக்கலாம்.

அரகாவாவும் ‘சில்வர் ஸ்பூனை’ இடையில் நிறுத்தினவர்தானே. வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்று 2014 இல் அறிவித்தார், வாசித்த சனம் காத்திருந்தது, இடைக்கிடை வரைந்து 2019 இல் முடித்தார். அதற்காக ஆர் அவரைக் குறை சொல்வார்? முகம் தெரியாத வாசகர்களுக்கே ஒரு அறிவித்தல் கொடுத்தார் தம்பி. நீ வேலையை விட்டிருந்தாலும் சரி, படிப்பை நிறுத்தியிருந்தாலும் சரி, காசு அனுப்ப முடியாவிட்டாலும் சரி, எங்களுக்கு ஒரு வரி காணும்.

அம்மாவுக்கு இப்ப அந்தச் சிவப்புக் கோட்டுப் பொடியனின் கதை பார்க்க வேண்டுமாம், ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’. 2003 இல் எடுத்தது மங்கா முடியுமுன் தன் பாட்டில் வேறு வழியில் போகிறதாம், 2009 இல் எடுத்தது மங்காவோடு ஒட்டிப் போகிறதாம், 64 பாகம். தங்கச்சி புதியதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறாள், அவளுடைய சிநேகிதி பழையதை என்கிறாள். நீ சொன்னால்தான் தொடங்குவோம். ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோரும் வீட்டில்தான் இருப்போம், எடுத்துச் சொல்லு.

அப்பா